பௌர்ணமிக்கு லீவு கிடையாது

என் பயணப்படி பில்களை எல்லாம் வெட்டி, என்னை மட்டும் வெட்டாமல் விட்ட மாப்பிள்ளை ஏழுமலைக்கு,

மூன்று மாதப் பரிசீலனைக்குப் பிறகு, சாதக பாதகங்களை எடைபோட்டு, வீட்டில் உள்ளவர்களின் கருத்தைக் கேட்டு, கேட்டதைப் புறக்கணித்து, இந்த ஆவணி பௌர்ணமி முதல் டி-ஷர்ட் அணிவது என்று முடிவெடுத்தேன். முடிவின் முக்கியத்துவம் கருதி, உனக்கு இதை முதலில் தெரிவிக்கிறேன்.

நீ நம்பமாட்டாய். வேலையில் சேர்ந்த நாள் முதல் அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா என்று வாழ்ந்தவன் நான். இந்த டி-ஷர்ட்டில் பேனாவுக்கு இடமில்லை. நெஞ்சில் போன் வைக்க ஒரு பை, அதில் கேமரா எட்டிப் பார்க்க ஒரு ஓட்டை. நிறம், காவிக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. முதுகில் கொட்டை எழுத்தில் 'நீங்கள் ஓய்வெடுங்கள், நாங்கள் நடக்கிறோம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். போடுகிறவன் படிக்க முடியாத இடத்தில் எழுதியிருப்பது ஒரு ஆறுதல்.

உன் முதலாம் ஆண்டு நினைவுநாளுக்குச் சுவரொட்டி அடிக்கலாம் என்று அலுவலகத்து நண்பர்கள் சொன்னார்கள். பேருந்து நிலையக் கழிவறைச் சுவரில் நீ கண்ணீர் அஞ்சலிக்கு நடுவே சிரித்துக்கொண்டிருப்பதை நான் தினமும் பார்க்க வேண்டியிருக்கும். அதனால்தான் இந்தக் கடிதம். நாலு பேர் படித்தால் படிக்கட்டும். நாம் எழுதியதை எல்லாம் நாலு பேர் கையெழுத்துப் போட்டுத்தானே அனுப்பியிருக்கிறோம்?

படிக்கிறவர்களுக்காக ஒரு விளக்கம். ஏழுமலையும் நானும் பேருந்துப் பணிமனையின் கணக்குப் பிரிவில் பக்கத்துப் பக்கத்து மேசை. அவன் மனைவி சரோஜா முதல் நாளே என்னை 'அண்ணா' என்று கூப்பிட்டாள். அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு, அவன் எனக்கு மாப்பிள்ளை, நான் அவனுக்கு மச்சான் என்று உறவை முறைப்படுத்திக்கொண்டோம். பயணப்படி அவன் மேசை. வெளியூர் போய் வந்தவர்கள் போடும் பில்லை வெட்டுவது அவன் வேலை. "ஒரு ஆளு, ஒரு பயணம், ஒரு பில்லு. ஒரே பயணத்துக்கு ரெண்டு பில்லு போட்டா, ஒண்ணு பொய்யி" என்பான். ஒருமுறை வேலூருக்கு இருவரும் ஒரே ஜீப்பில் போய் வந்தோம். என் பில்லை வெட்டினான். பிறகு தன் பில்லையும் வெட்டிவிட்டு, அன்று மாலை வரை தன்மீதே கோபமாக இருந்தான்.

சரி மாப்பிள்ளை, உன்னிடம் வருகிறேன்.

நான் ஓய்வு பெற்ற மறுநாள் காலை என் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மகன் கூடத்தில் மடிக்கணினியோடு கூட்டத்தில் இருந்தான். "அப்பா, ஃப்ரேம்ல வர்றீங்க" என்றான். படுக்கையறைக்குப் போனேன். மருமகள் அங்கே வேறொரு கூட்டத்தில் இருந்தாள். அவள் கையை மட்டும் லேசாக ஆட்டினாள். சமையலறைக்குப் போனேன். அங்கே ஃப்ரேம் இல்லை, என் மனைவி விஜயா இருந்தாள். "இன்னா, இங்க நின்னுகினு? எங்கனா போயிட்டு வாங்களேன்" என்றாள். நான் கட்டிய வீட்டில், யார் கண்ணிலும் படாமல் நான் இருக்கக்கூடிய ஒரே இடம் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் என்று தெரியவந்தது. அந்த நிழலும் மதியத்துக்கு மேல் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

பகுதி நேர வேலை தேட ஆரம்பித்தேன். வேங்கிக்காலில் ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை என்றார்கள். பகுதி நேரம் என்றீர்களே என்றேன். பகுதி என்றது சம்பளத்தை, நேரத்தை அல்ல என்று அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். அடுத்து ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பு மேசை. அதன் மேலாளர் நம் பணிமனையில் நடத்துநராக இருந்தவர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். "நீங்க உக்காருங்க சார், நீங்க போயி சாவி எடுத்துக் குடுக்கறதா?" என்று காபி வரவழைத்தார். நான்கு நாள் காபி குடித்தேன். சாவி ஒருவர் கையிலும் கொடுக்கவில்லை. நம் ஊரில் 'சார்' என்று கூப்பிடப்பட்டவனுக்கு மரியாதை கிடைக்கும், வேலை கிடைக்காது. இதை யாராவது எனக்கு வேலையில் இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்.

பிறகு ஒரு டீக்கடைச் சுவரில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். 'பகுதி நேரப் பணி. ஓய்வு பெற்றோருக்கு முன்னுரிமை. நடக்கத் தெரிந்திருந்தால் போதும்.' என் தகுதிக்கு இவ்வளவு பொருத்தமாக யாரும் கேட்டதில்லை.

வேங்கிக்காலில் ஒரு மாடி அறை. நடத்துகிறவன் பிரதீப், என் மகன் வயது. வெளிநாட்டில், வெளியூரில் இருப்பவர்களுக்குப் பதிலாக மலை சுற்ற ஆள் அனுப்புகிறான். நாம் ராஜகோபுரத்தில் ஆரம்பித்து, வழியில் எட்டு லிங்கத்திலும் நின்று, அவர்கள் பெயரும் நட்சத்திரமும் சொல்லி, சுற்றி வந்து முடிக்க வேண்டும். நெஞ்சிலிருக்கும் போன் எல்லாவற்றையும் படம் பிடிக்கும். ஏழெட்டுப் பேருக்குச் சேர்த்து நடந்தால் கூட்டு நடை. ஒருவருக்கு மட்டும் நடந்தால் தனி நடை. நேர்காணலில் அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடந்து காட்டினேன். "சூப்பர் சார், அவசரமே இல்லாம நடக்கறீங்க. கஸ்டமருக்கு அதான் புடிக்கும்" என்றான்.

உனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுவது எனக்குத் தெரிகிறது. ஒரே பயணத்துக்கு ஏழு பில். நானும் முதல் நாளே அவனிடம் இதைக் கேட்டேன். "சார், பஸ்ஸுல அம்பது பேரு போறாங்க, அம்பது டிக்கெட் குடுக்கறீங்க. தப்பா?" என்றான். போக்குவரத்துக்காரன் நான், தலையாட்டிவிட்டு வந்தேன். நீ இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பாய்.

வாரத்தில் மூன்று காலை நடக்கிறேன், பௌர்ணமி கட்டாயம். வீட்டை விட்டு வெளியே இருக்கிறேன். அதற்காக நான் வேலையில் மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று எழுதிக்கொள்ளாதே. தொட்டி நிழலில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தவன், இப்போது சுற்றிவிட்டு அதே இடத்துக்கு வருகிறேன். வித்தியாசம் முழங்காலில் மட்டும் தெரிகிறது.

நாம் பேசி வைத்தது நினைவிருக்கிறதா? பௌர்ணமி வந்தால் கணக்குப் பிரிவு, தட்டச்சுப் பிரிவு என்று பார்க்காமல் எல்லோரையும் தற்காலிகப் பேருந்து நிலையங்களில் நிறுத்திவிடுவார்கள். லட்சோப லட்சம் பேர் மலை சுற்றப் போவதை விசிலும் கையுமாக நின்று பார்ப்போம். மலையடியில் பிறந்த நாம் இருவரும் ஒரு பௌர்ணமிக்கும் சுற்றியதில்லை. "ஊரே சுத்துது மச்சான், நம்மள மட்டும் நட்டு வச்சிட்டானுங்க" என்பாய். ஓய்வு பெற்றதும் முதல் பௌர்ணமிக்கு இருவரும் சுற்றுவது என்று முடிவானது.

நீ எனக்குச் சில மாதம் முன்னால் ஓய்வு பெற்றாய். போய்யா, நீ முதலில் போய்ச் சுற்று என்றேன். "தனியா சுத்துனா மலைக்கே போர் அடிக்கும். நீயும் வந்துடு" என்றாய். காத்திருந்தாய். நான் வேலையில் இருந்த கடைசி ஆவணி பௌர்ணமி அன்று காலை பால் வாங்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை. நான் அப்போது வேலூர் சாலையில் மைக்கைப் பிடித்து 'போளூர், ஆரணி, வேலூர்' என்று கூவிக்கொண்டிருந்தேன். சரோஜா போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். என் குரல்தான் எனக்குக் கேட்டது.

அதனால் உன் திதி பௌர்ணமி. இனி எல்லா வருடமும் பௌர்ணமி.

போன மாதம் சரோஜா வீட்டுக்கு வந்தாள். "அண்ணா, திதி அன்னைக்கு நீங்க மலை சுத்துவீங்கள்ல? மத்தவங்க பேரோட அவரு பேரையும் ஒரு வார்த்தை சேத்து சொல்லிடுங்க. அது போதும்" என்றாள். விஜயாவும் "சேத்துக்கங்க, இன்னா ஜாஸ்தி ஆயிடப் போவுது?" என்றாள்.

சேர்த்திருக்கலாம். ஒரு பெயர், ஒரு நட்சத்திரம், எட்டு இடம். ஆனால் யாருடைய பெயர் அது? சிங்கப்பூர்க்காரர் ஒருவரின் பயணத்தில், மலேசியா அம்மா ஒருவரின் பயணத்தில், இலவச இணைப்பாக உன்னை ஏற்றிக்கொண்டு போவதா? நீயே வெட்டியிருப்பாய். உனக்கு ஒரு பயணம் வேண்டும், அது முழுக்க உன்னுடையதாக இருக்க வேண்டும். அதே நாளில் இரண்டாவது சுற்றுக்கு என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. ஆகவே முறைப்படி ஒரே வழிதான் இருந்தது. பிரதீப்பிடம் போனேன்.

"தம்பி, இந்தப் பௌர்ணமிக்கு எனக்கு லீவு வேணும்."

அவன் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பௌர்ணமிக்கா? பௌர்ணமிதான் சார் நமக்கு தீபாவளி. அப்பிடி இன்னா விசேஷம்?"

"மலை சுத்தணும்."

இப்போது தூக்கினான். "அதுக்குத்தானே சார் நாங்களே அனுப்பறோம்?"

"இது என் சொந்த நடை."

"இதுவே சொந்தம்னு நெனச்சிக்கினு நடங்க சார். பௌர்ணமிக்கு லீவு கிடையாது."

வார்த்தை பிசகாமல் அதே வாக்கியம். நம் காலத்தில் எத்தனை மேலாளர்கள் மாறினார்கள். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அந்த வாக்கியத்திடமிருந்துதான் நான் ஓய்வு பெற்றேன் என்று நினைத்திருந்தேன். மாப்பிள்ளை, இந்த ஊரில் பௌர்ணமிக்கு விடுமுறை இல்லாத ஒரே பகுதி நேர வேலையை நான் தேடிக் கண்டுபிடித்துச் சேர்ந்திருக்கிறேன்.

விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்பாய். எங்கே வருவது, தண்ணீர்த் தொட்டிக்கா?

நான் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்துப் பிரதீப் இறங்கி வந்தான். "யாருக்கு சார் நடக்கணும்? ஃப்ரெண்டா? இன்னா சார் இது, மொதல்லயே சொல்லியிருக்கலாமே. அவரு பேர்ல ஒரு தனி நடை போட்டுடுங்க. ஸ்டாஃப்புன்னு கம்மி பண்ணித் தர்றேன். ஆனா நீங்க டி-ஷர்ட் போடணும். எல்லாரும் போடறாங்க, நீங்க மட்டும் சட்டையில வர்றீங்க. மத்தவங்க வீடியோவுல உங்களப் பாத்து, யாரோ வழியில போறவருன்னு கஸ்டமருங்க நெனைக்கறாங்க."

முதல் பத்தியில் நான் அறிவித்த முடிவு இப்படித்தான் எடுக்கப்பட்டது.

அவன் சொன்னது வாய்மொழி. வாய்மொழியை நம்புகிறவர்களா நாம்? வீட்டுக்கு வந்து, தொட்டியருகே உட்கார்ந்து, அவர்களுடைய செயலியில் உரிய வழியாகப் பதிவு செய்தேன். கோருபவர் சரோஜா. யார் பெயரில், ஏழுமலை. நட்சத்திரம் கேட்டை. 'நடப்பவர்' என்ற இடத்தில் 'யாராயினும்' என்று ஏற்கனவே இருந்தது. அங்கே என் பெயரைப் போட்டிருக்கலாம். சலுகையும் கேட்டு, ஆளையும் நானே குறிப்பிட்டு, அந்த ஆளும் நானாகவே இருப்பது முறையாகப் படவில்லை. அப்படி வந்த மனுக்களின்மேல் உன் சிவப்பு மை எவ்வளவு நீளத்துக்கு ஓடும் என்று பார்த்தவன் நான். 'யாராயினும்' என்றே விட்டுவிட்டேன். பிரதீப்புக்குத்தான் தெரியுமே, என்னைத்தானே போடுவான் என்று இருந்துவிட்டேன்.

பௌர்ணமி அன்று வெயில் ஏறுவதற்கு முன்னால் ராஜகோபுரத்து வாசலில் நின்றோம். எல்லோரும் ஒரே நிறத்தில். பிரதீப் போனைப் பார்த்து வாசித்தான்.

"சார், நீங்க கனடா. மோகன், நீங்க ஏழுமலை."

"தம்பி, ஏழுமலை என்னுது."

"சிஸ்டம் போட்டுடுச்சி சார். கனடாக்காரரு உங்க பேரைச் சொல்லித்தான் புக் பண்ணியிருக்காரு. நீங்க யாருன்னா பரவால்லன்னு போட்டிருக்கீங்க."

"மாத்திக்கலாம் இல்ல?"

"அவரு ஆல்ரெடி லைவ்ல இருக்காரு சார்."

என் நெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "வணக்கம் சார். கோபுரம் லேசா சாஞ்சி தெரியுது, கொஞ்சம் நேரா நில்லுங்க." நேராக நின்றேன்.

மோகன் கீழ்பென்னாத்தூர்க்காரர். மற்ற நாட்களில் வேனில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றுகிறவர், நாற்பது வயது இருக்கும். "யாரு சார் இந்த ஏழுமலை? உங்க சொந்தமா?" என்று கேட்டார். மாப்பிள்ளை முறை என்றேன். இன்றைக்குத் திதி என்றேன். அவர் சற்று யோசித்தார். என்னைவிட இரண்டு மடங்கு வேகமாக நடக்கக்கூடியவர். "நீங்க முன்னாடி போங்க சார். நான் பின்னாடியே வந்துகினு இருக்கேன். திதியும் அதுவுமா, சொந்தக்காரரைத் தாண்டிப் போனா நல்லா இருக்காது" என்றார்.

அப்படியே நடந்தோம். நான் முன்னால் கனடாவோடு. எனக்குப் பின்னால், நாலைந்து அடி தள்ளி, மோகன் உன்னோடு.

இந்திர லிங்கத்தில் கனடாக்காரரின் பெயரைச் சொன்னேன். எனக்குப் பின்னால் மோகன், மூட்டை எண்ணுகிற குரலில், "ஏழுமலை, கேட்டை நட்சத்திரம்" என்றார். எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. முடியாது. நான் திரும்பினால் கனடாவும் திரும்பும். "யாரு சார் அது, பின்னாடி கத்தறது?" என்றார் கனடாக்காரர். "நம்ம ஆளுதான்" என்றேன்.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்று மகன் வீட்டோடு போனவர். தனியே வெளியே விடமாட்டார்களாம். சாமியை அவர் அதிகம் பார்ப்பதில்லை. பாதையைப் பார்க்கிறார், வேலியைப் பார்க்கிறார், அடி அண்ணாமலைக்கு வந்ததும், "சார், அந்தக் கடையில ஒரு டீ சாப்பிடுங்க, நான் பாக்கறேன்" என்கிறார். அவருக்காக டீயும் நான்தான் குடிக்கிறேன். அன்று திடீரென்று கேட்டார்.

"எனக்கு அங்க எதுனா பார்ட் டைம் வேலை கெடைக்குமா சார்? இங்க இருந்தே பண்ற மாதிரி?"

"என்ன பண்ணுவீங்க?"

"பாப்பேன் சார். இப்ப அது ஒண்ணுதான் நல்லா வருது."

நான் நடந்தேன். மோகனின் காலடிச் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. முழங்காலுக்காக நின்றால் அதுவும் நின்றது. ஈசான்ய லிங்கத்தில் உன் பெயர் கடைசியாகக் கேட்டது. கோபுரம் வந்ததும் கனடாக்காரர் "வரட்டா சார், இங்க எல்லாரும் தூங்கிட்டாங்க" என்று போனை வைத்தார். திரும்பினேன். மோகன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நீ இல்லை. உன்னை நான் எதிர்பார்த்தேனா என்ன?

மதியம் உன் வீட்டுக்குப் போனேன். உன் மகன் திதி கொடுத்து முடித்திருந்தான். இலையில் உனக்குப் பிடித்த வடையும் இருந்தது. சரோஜா பரிமாறிக்கொண்டே, "அவருக்கு நடந்தாச்சாண்ணா?" என்று கேட்டாள்.

"நடந்தாச்சும்மா."

யார் நடந்தார் என்பது அந்தச் சொல்லில் இல்லை. இத்தனை வருடம் கோப்பில் குறிப்பு எழுதியவனுக்கு இது கைவந்த கலை. சரோஜா இன்னொரு வடை வைத்தாள்.

இனி நான் உனக்குக் கொடுக்க ஒன்றுதான் இருக்கிறது. பிரதீப்பிடம் அமாவாசைக்கு யாரும் நடை பதிவு செய்வதில்லை. விசாரித்துவிட்டேன். வருகிற அமாவாசை அன்று வெள்ளைச் சட்டை போட்டு, பையில் பேனா வைத்து, போனைத் தண்ணீர்த் தொட்டிமேல் வைத்துவிட்டு வருகிறேன். உனக்காக மட்டும் சுற்றுகிறேன். ஒரு ஆள், ஒரு பயணம். நிலா விஷயத்தில் மட்டும் விதியைச் சற்றுத் தளர்த்திக்கொள். வழியில் யாருக்காகவும் நேராக நிற்கமாட்டேன், இது சத்தியம்.

மோகனின் நெஞ்சிலிருந்த போனில் பதிவான வீடியோ நேற்றுச் சரோஜாவின் போனுக்கு வந்தது. முதலிலிருந்து கடைசி வரை பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். படம் முழுக்க என் முதுகுதான் வருகிறதாம். எழுத்து பெரிதாக இருப்பதால் கண்ணாடி போடாமலே படிக்க முடிகிறது என்றாள்.

உன் மச்சான்,
பச்சையப்பன்